உயிரியல் மாணவர்களுக்குக் கணக்கும் புள்ளியியலும்: புதிதாக எடுக்கப்போகும் ஆசிரியர்கள் கேட்கும் கேள்விகள்

விலங்கியல், தாவரவியல், மைக்ரோபயாலஜி, பயோடெக்னாலஜி என்று எந்தத் துறையை எடுத்தாலும் எங்காவது ஒரு செமஸ்டரில் பயோஸ்டாடிஸ்டிக்ஸ் தாள் ஒன்று இருக்கும். துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில்தான் அது பெரும்பாலும் விழும். இல்லையென்றால் கணிதத் துறையிலிருந்து யாரையாவது 'கொஞ்சம் எடுத்துக் கொடுங்க' என்று அனுப்பிவைப்பார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் புள்ளியியல்காரன். பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

உயிரியல் எடுப்பவர்களுக்குக் கணக்கு வராது என்கிறார்களே, உண்மையா?

வராது என்பதைவிட விட்டுப்போச்சு என்பது சரி. தமிழ்நாட்டில் ப்ளஸ் டூவில் ப்யூர் சயின்ஸ் குரூப் எடுத்தால் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல்தான், கணிதம் கிடையாது. பத்தாவதோடு கணக்கை மூடி வைத்த பிள்ளை மூன்று நான்கு வருடம் கழித்து உங்கள் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடமே புள்ளியியலும் நிகழ்தகவும்தான். திட்ட விலக்கமும் மாறுபாட்டுக் கெழுவும் அதில் போட்டவர்கள்தான் இவர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. இதே மாணவர்கள் மரபியல் தாளில் புன்னெட் சதுரம் (பெற்றோரின் மரபணுக்கள் சேரும் வழிகளைக் கட்டம் போட்டு எழுதும் முறை) போட்டு 9:3:3:1 வரவழைக்கிறார்கள். முக்காலை முக்காலால் பெருக்கினால் பதினாறில் ஒன்பது; இது நிகழ்தகவுப் பெருக்கல் விதியேதான். அதைக் கணக்கு என்று யாரும் சொல்லாததால் பயமில்லாமல் போட்டுவிட்டார்கள். இதிலிருந்துதான் என் முறை முழுவதும் வருகிறது: அவர்கள் பாடத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், வெளியிலிருந்து இறக்குமதி செய்யாதீர்கள்.

வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் மாணவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போரடிக்காதா?

அடிக்கும். குரூப்புக்கு ஒருவராக ஜோடி சேர்த்து உட்கார வைக்கலாம். ஆனால் கவனம்: கணக்குத் தெரிந்தவர் கால்குலேட்டரைப் பிடித்துக்கொள்வார், மற்றவர் ரெக்கார்டு நோட்டில் அழகாக எழுதிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு கணக்குக்கும் இருவரையும் மாற்றிவிடுங்கள்.

முதல் யூனிட் 'வரையறை, வரலாறு, பயன்கள்' என்று இருக்கிறது. அதிலிருந்தே தொடங்கலாமா?

வேண்டாம். வரையறையை அவர்களே படித்துக்கொள்வார்கள், அதற்கு நீங்கள் தேவையில்லை. முதல் வாரத்தைத் தொடர் நீர்ப்பில் செலவழியுங்கள். சீரியல் டைல்யூஷன் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

9 மி.லி. மலட்டு நீர் உள்ள குழாய்களை வரிசையாக வைத்து, 1 மி.லி. மாதிரியை முதல் குழாயில் விட்டுக் கலக்கி, அதிலிருந்து 1 மி.லி. எடுத்து அடுத்ததில் என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஐந்தாவது குழாயிலிருந்து 0.1 மி.லி. எடுத்துத் தட்டில் பரப்பினார்கள், மறுநாள் 42 காலனி வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூல மாதிரியில் ஒரு மி.லி.க்கு எத்தனை பாக்டீரியா? பாதி வகுப்பு 42-ஐ 10⁵ ஆல் பெருக்கி நிறுத்திவிடும். 0.1 மி.லி.தான் பரப்பினோம் என்பது மறந்துவிடும். 0.1 மி.லி.யில் 42 என்றால் அந்தக் குழாயில் ஒரு மி.லி.க்கு 420, அதை 10⁵ ஆல் பெருக்கினால் 4.2 × 10⁷. சூத்திரமாகக் கொடுத்தால் இதே தவறு தேர்விலும் வரும். குழாயைப் படமாக வரைந்து ஒவ்வொன்றின் கீழும் எண்ணை எழுதச் சொன்னால் வராது.

இதே கணக்கில் புள்ளியியலும் நுழைந்துவிடும். '30-க்குக் கீழும் 300-க்கு மேலும் வந்த தட்டை எண்ண வேண்டாம் என்று லேபில் சொல்கிறார்களே, ஏன்?' என்று கேளுங்கள். 300-க்கு மேல் காலனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று உடனே சொல்வார்கள். 30-க்குக் கீழ் ஏன் கூடாது என்பதற்குப் பதில் வராது. அங்கேதான் தற்செயல் ஏற்ற இறக்கத்தை அறிமுகப்படுத்த வேண்டும்: 4 வந்த இடத்தில் 6 வந்தால் ஐம்பது சதவீதம் கூடிவிட்டது, 100 வந்த இடத்தில் 102 வந்தால் யாரும் கவலைப்படப்போவதில்லை.

மடக்கைக்கு (லாக்) எத்தனை வகுப்பு ஒதுக்கலாம்?

நீங்கள் நினைத்திருப்பதைவிட இரண்டு மடங்கு. லாக் புரியாத மாணவருக்கு பிஹெச்சும் புரியாது, வளர்ச்சி வரைபடமும் புரியாது. ரத்தத்தின் பிஹெச் 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால் 'பாயிண்ட் மூணுதானே சார்' என்பார்கள். ஹைட்ரஜன் அயனியின் அளவு லிட்டருக்குச் சுமார் 40 நானோமோலிலிருந்து 80-க்குப் போயிருக்கிறது, அதாவது இரட்டிப்பு. இதைக் கால்குலேட்டரில் அவர்களே கண்டுபிடிக்க வேண்டும், நீங்கள் சொல்லக் கூடாது.

அப்புறம் ஈ. கோலை. நல்ல ஊடகத்தில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதை எல்லாரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒரு செல்லிலிருந்து எட்டு மணி நேரத்தில் எத்தனை? 24 தலைமுறை, ஒரு கோடியே 67 லட்சத்துக்கு மேல். இதைச் சாதாரண வரைபடத் தாளில் வரையச் சொல்லுங்கள். முதல் ஆறு மணி நேரம் தரையோடு ஒட்டிக் கிடக்கும். பிறகு செமி லாக் தாளில் (ஒரு அச்சு மட்டும் லாக் அளவில் இருக்கும்) வரையச் சொன்னால் நேர்கோடு. அந்தக் கோட்டின் சாய்வுதான் வளர்ச்சி வீதம்.

கால்குலஸ் தேவையா?

தொகையீட்டு நுட்பங்கள் தேவையில்லை. மாறும் வீதம் என்ற எண்ணம் கட்டாயம் தேவை. என்சைம் பாடத்தில், சப்ஸ்ட்ரேட்டின் அளவைப் பொறுத்து வினையின் வேகம் எப்படி மாறும் என்று சொல்லும் மைக்கேலிஸ்–மென்டன் சமன்பாடு (1913) இதற்குப் போதும். எண் எதுவும் போடாமல் கேளுங்கள்: சப்ஸ்ட்ரேட் மிகக் குறைவாக இருந்தால் என்ன ஆகும்? மிக அதிகமானால்? சமன்பாட்டில் உள்ள கேஎம் என்ற மாறிலிக்குச் சமமானால்? மூன்றாவதற்கு வேகம் உச்சத்தில் சரிபாதி என்று சமன்பாட்டைப் பார்த்தே சொல்ல வந்துவிட்டால் அந்த மாணவருக்குச் சார்பு என்றால் என்ன என்று புரிந்துவிட்டது. நேரமிருந்தால் இதே சமன்பாட்டைத் தலைகீழாக்கி நேர்கோடாக வரையும் லைன்வீவர்–பர்க் வரைபடத்தையும் காட்டி, தலைகீழாக்கும்போது சிறிய மதிப்புகளில் உள்ள பிழை எப்படிப் பெரிதாகிறது என்று பார்க்கச் சொல்லலாம்.

கணிதம் உயிரியலுக்கு உண்மையிலேயே உதவியது என்று மாணவர்களை நம்பவைக்க ஒரு கதை வேண்டும்.

ஹார்டி. ராமானுஜனை 1914-இல் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஜி. ஹெச். ஹார்டிதான் உங்கள் மாணவர்கள் படிக்கும் ஹார்டி–வெய்ன்பெர்க் விதியின் ஹார்டியும். இதைச் சொன்னால் வகுப்பில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்காருவார்கள். ஓங்கு பண்பு தலைமுறைதோறும் பெருகி, மக்கள்தொகையில் முக்கால்வாசிக்குப் போய்விடாதா என்ற சந்தேகம் அப்போது மரபியலாளர்களிடையே ஓடிக்கொண்டிருந்தது. புன்னெட் சதுரத்துக்குப் பெயர் கொடுத்த புன்னெட், தன்னோடு கிரிக்கெட் ஆடும் ஹார்டியிடம் அதைக் கொண்டுபோனார். அப்படிப் பெருகாது, விகிதம் மாறாமல் நிற்கும் என்று ஹார்டி 1908-இல் 'சயின்ஸ்' இதழுக்கு ஒரு சிறு கடிதம் எழுதி முடித்துவிட்டார். அதில் இருந்தது வெறும் பெருக்கல் கணக்கு. தன் கணிதப் பணிகளில் ஒன்றாக அவர் அதை எண்ணியதே இல்லை. அதே ஆண்டு ஜெர்மனியில் மருத்துவர் வெய்ன்பெர்க்கும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார்.

கதையோடு நிறுத்தாமல் கரும்பலகையில் ஒரு தலைமுறையாவது போட்டுக் காட்டுங்கள். எந்த அலீல் (ஒரு மரபணுவின் மாற்று வடிவம்) விகிதத்தில் தொடங்கினாலும் அது மாறாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

திட்ட விலக்கம், திட்டப் பிழை: எத்தனை முறை சொன்னாலும் குழப்புகிறார்கள். என்ன செய்வது?

சொல்வதை நிறுத்திவிட்டு மரத்தடிக்குக் கூட்டிப்போங்கள். கல்லூரி வளாகத்தில் ஒரு புங்க மரம் இல்லாமலா போய்விடும்? ஆளுக்குப் பத்துச் சிற்றிலை பறித்து நீளத்தை மில்லிமீட்டரில் அளக்கட்டும். சண்டை உடனே தொடங்கும்: காம்போடு சேர்த்தா, சேர்க்காமலா? பூச்சி அரித்த இலையை எடுக்கலாமா? கைக்கு எட்டும் கிளையில் மட்டும்தானே பறித்தோம், உச்சியில் வெயில் படும் இலை வேறு மாதிரி இருக்காதா? இந்தச் சண்டையை நீங்கள் தீர்த்துவைக்க அவசரப்பட வேண்டாம். மாதிரி எடுத்தல் என்ற யூனிட்டின் பாதி அதிலேயே நடந்துவிடுகிறது.

பிறகு வகுப்பறையில் இரண்டு படம். எல்லாருடைய இலைகளும் ஒரே படத்தில். அந்தப் பரவலைச் சொல்வது திட்ட விலக்கம். ஒவ்வொரு மாணவரின் சராசரியும் மட்டும் அடுத்த படத்தில். அது ஒடுங்கி நிற்கும். அந்தப் பரவலைச் சொல்வது திட்டப் பிழை. இலைகளின் திட்ட விலக்கம் 10 மி.மீ. என்றால் 25 இலைக்குத் திட்டப் பிழை 2 மி.மீ., 100 இலைக்கு 1 மி.மீ. இன்னும் நிறையப் பறித்தால் இன்னும் குறையும். அதற்காக இலைகளெல்லாம் ஒரே அளவாகிவிடுமா என்று கேளுங்கள். ஆகாது என்று ஒரு பிள்ளை சொன்னதும் விஷயம் முடிந்தது.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டவர் ஆய்வுக் கட்டுரைகளைப் பார்க்கும் விதமே மாறிவிடும். பல வரைபடங்களில் பார் மேல் இருக்கும் கோடு எதைக் குறிக்கிறது என்று எழுதியே இருக்காது. சின்னதாகத் தெரிகிறது என்பதற்காகவே திட்டப் பிழையைப் போடுகிறவர்களும் உண்டு.

கை ஸ்கொயர் (எண்ணிக் கிடைத்தது எதிர்பார்த்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கும் சோதனை) எடுக்க எந்த எடுத்துக்காட்டு நல்லது?

மெண்டலுடையதே. வியன்னாப் பல்கலைக்கழகத்தில் டாப்ளரிடம் இயற்பியல் படித்தவர் அவர். எண்ணிப் பார்க்கும் புத்தி அங்கிருந்துதான் வந்தது என்று நினைக்கிறேன். 1866-இல் அச்சான கட்டுரையில் இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. மொத்தம் 7,324. மூன்றுக்கு ஒன்று என்றால் 5,493-உம் 1,831-உம் வந்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வித்தியாசம் 19. வர்க்கப்படுத்தி வகுத்துக் கூட்டினால் 0.26. ஒரு டிகிரி ஆஃப் ஃப்ரீடத்துக்கு அட்டவணை தரும் எல்லை 3.84, நம்முடையது அதற்குக் கீழ். 'எனவே பொருந்துகிறது' என்று எழுதிக் கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவது வழக்கம்.

போகாதீர்கள், இனிமேல்தான் விஷயமே இருக்கிறது. மெண்டலிடம் மொத்தமே 20 விதைதான் இருந்திருந்தால்? 13 உருண்டை, 7 சுருங்கியது என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கு ஒன்று என்று எடுத்துப் போட்டால் 1.07 வருகிறது, பொருந்துகிறது. சரி, ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்தால்? 1.8. அதுவும் 3.84-க்குக் கீழ்தான்! ஒரே தரவு இரண்டு விதிக்கும் பொருந்துகிறது. 'நல் ஹைபாதிசிஸை (சோதிக்க எடுத்துக்கொண்ட விதியை) நிராகரிக்க முடியவில்லை' என்பதும் 'அது உண்மை என்று நிரூபித்தாகிவிட்டது' என்பதும் வேறு வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

ஆர்வமுள்ள வகுப்பு என்றால் ஃபிஷர் விவகாரத்தையும் சொல்லலாம். மெண்டலின் எல்லாச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்த ரொனால்ட் ஃபிஷர், எண்கள் எதிர்பார்த்த அளவுக்கு மீறி நன்றாகப் பொருந்துகின்றன என்று 1936-இல் எழுதினார். அதிகமாகப் பொருந்தினாலும் சந்தேகப்பட வேண்டும் என்பது மாணவர்களுக்குப் புதிய செய்தி. லேப் ரெக்கார்டில் ரீடிங்கைச் சரிக்கட்டி எழுதும் பழக்கம் உள்ளவர்கள் கொஞ்சம் நெளிவார்கள்.

பி வேல்யூவை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

நாணயத்தால். ஆளுக்கு இரண்டு நாணயம். இரண்டும் பூ விழுந்தால் சுருங்கிய விதை. அதற்கு வாய்ப்பு நான்கில் ஒன்று. ஒவ்வொருவரும் 20 முறை சுண்டி எத்தனை சுருங்கியது என்று எண்ணட்டும். இங்கே மூன்றுக்கு ஒன்று என்ற விதி உண்மை என்பது நமக்கே தெரியும், ஏனென்றால் நாம்தான் வைத்தோம். இருந்தும் எல்லாருக்கும் 5 வராது. 40 பேர் வகுப்பில் எட்டு ஒன்பது பேருக்கு 7-உம் அதற்கு மேலும் வருவது சாதாரணம். கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அந்த வாய்ப்பு சுமார் 0.21. விதி உண்மையாக இருக்கும்போதே இந்த அளவுக்கு அல்லது இதைவிட அதிகமாக விலகிப்போக எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி வேல்யூ. வேறொன்றுமில்லை.

'விதி உண்மையாக இருக்க 21 சதவீதம் வாய்ப்பு' என்று யாராவது சொல்வார்கள். கட்டாயம் சொல்வார்கள். நாணய விளையாட்டில் விதி நூறு சதவீதம் உண்மை என்று அப்போதே நினைவுபடுத்துங்கள். பி வேல்யூ 0.05-க்குக் கீழ் வந்தால் 'சிக்னிஃபிகன்ட்' என்று சொல்லும் அந்த எல்லைக்கு இயற்கையில் எந்த மகிமையும் இல்லை என்பதையும், 20 சோதனை செய்தால் ஒன்றாவது சும்மாவே 'சிக்னிஃபிகன்ட்' ஆக 64 சதவீதம் வாய்ப்பு என்பதையும் போகிற போக்கில் சொல்லிவைக்கலாம்.

ப்ராஜெக்ட்டில் எத்தனை மாதிரி எடுக்கச் சொல்வது?

இதைக் கேட்பதற்கு முன்னால் மாதிரி எது என்று கேட்க வேண்டும். இளநிலை, முதுநிலை ப்ராஜெக்ட்டுகளில் நான் பார்க்கும் மிகப் பெரிய ஓட்டை இதுதான், சராசரிகளை ஒப்பிட டி டெஸ்ட்டா அனோவாவா என்பதெல்லாம் இதற்குப் பின்னால்தான்.

இரண்டு தொட்டி. ஒன்றில் பூச்சிக்கொல்லி கலந்த நீர், மற்றதில் சாதா நீர். தொட்டிக்குப் பதினைந்து திலாப்பியா. முப்பது மீனையும் அளந்து, குழுவுக்குப் பதினைந்து மாதிரி என்று டி டெஸ்ட் போட்டிருப்பார்கள். மருந்து போனது தொட்டிக்கு. மீனுக்குத் தனித்தனியாக அல்ல. ஒரு தொட்டியில் ஏரேட்டர் சரியாக வேலை செய்யாமல் இருந்திருந்தால் பதினைந்து மீனும் சேர்ந்தேதான் வாடியிருக்கும். ஆக, குழுவுக்கு மாதிரி ஒன்றே ஒன்று. இதைப் போலி மறுசெயல் என்று 1984-இல் ஹர்ல்பர்ட் சூழலியல் கட்டுரைகளை வைத்தே விரிவாகக் காட்டினார். ஒரே குழாயை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் மூன்று முறை வைத்து எடுத்த ரீடிங்கை 'ட்ரிப்ளிகேட்' என்று எழுதுவதும் இந்தக் குடும்பம்தான். அது கருவி எவ்வளவு நிலையாக இருக்கிறது என்று சொல்லும். பாக்டீரியாவைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

சிறிய தொட்டிகளாக எட்டு வைத்து, எதில் மருந்து என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல்லுங்கள். தொட்டிக்கு நான்கு மீன் போதும். இதை ஜனவரியில் சொல்ல வேண்டும். மார்ச்சில் தரவோடு வந்து நிற்கும்போது சொல்லிப் பயனில்லை.

கையால் போட வைக்கணுமா, எக்செல் போதுமா, ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளைச் சொல்லித்தரலாமா?

ஒவ்வொரு சோதனையும் ஒருமுறை கையால், சின்ன எண்களில். அதற்குப் பிறகு கையால் போட வைப்பது வீண்.

எக்செல் வரைபடத்துக்கும் சிறு கணக்குக்கும் சரி, ஆனால் தானாகவே புத்திசாலித்தனம் காட்டும். மார்ச்1, செப்ட்2 என்று பெயருள்ள மனித மரபணுக்களை அது தேதி என்று நினைத்து மாற்றிவிடும். கட்டுரைகளின் இணைப்பு அட்டவணைகளில் இந்தப் பிழை அவ்வளவு பரவியிருந்ததால், மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அவற்றை மார்ச்எஃப்1, செப்டின்2 என்று மாற்றியே விட்டது. புது விதிமுறை 2020-இல் வந்தது. மென்பொருளுக்காக மரபணு பெயர் மாற்றிக்கொண்ட கதை இது!

லேபில் கணினி இருந்தால் ஆர். இலவசம், பழைய கணினியிலும் ஓடும். ஆனால் முதல் நாளே கட்டளைகளை வரிசையாக எழுதிப்போட்டால் வகுப்பு காலியாகிவிடும். புங்க இலைத் தரவை உள்ளே கொண்டுவந்து ஒரு படம் வரைவது மட்டும் முதல் வகுப்புக்குப் போதும்.

யார் எடுப்பது நல்லது, கணிதத் துறையா உயிரியல் துறையா?

தரவு யாருடையதோ அவர்கள். கணிதத் துறையிலிருந்து போகிறவர் என்றால் ஒரு மதியம் அவர்கள் பிராக்டிகலில் போய் நில்லுங்கள். செல்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடித் தட்டான ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணிவிட்டு ஏன் பத்தாயிரத்தால் பெருக்குகிறார்கள் என்று உங்களுக்கே தெரியாவிட்டால் அவர்கள் உங்களை நம்பமாட்டார்கள்.

தமிழில் நடத்தலாமா?

நடத்துங்கள். தேர்வை ஆங்கிலத்தில் எழுதுவார்கள் என்றாலும் யோசிப்பது தமிழில்தானே.

கேள்வித்தாள் பழைய மாதிரியே வருகிறதே? 'பின்வரும் பத்து எண்களுக்குச் சராசரி, இடைநிலை, முகடு காண்க.'

பல்கலைக்கழகத் தாளை நீங்கள் மாற்ற முடியாது. இன்டர்னல் உங்கள் கையில். அதில் இப்படி ஒன்று வைத்துப் பாருங்கள்: 'ஒரு மாணவி கல்லூரி வாசலில் உள்ள ஒரே மரத்தில் 60 இலை பறித்து, எங்கள் மாவட்டத்துப் புங்கன் இலையின் சராசரி நீளம் என்று தலைப்பிட்டிருக்கிறார். அவருக்கு நீங்கள் சொல்லும் இரண்டு திருத்தம் என்ன?' கால்குலேட்டரே வேண்டாம், காப்பியடிக்கவும் முடியாது. திருத்த நேரமாகும், அது உண்மைதான்.

நெட் தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா?

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் பாடத்திட்டத்தின் பதின்மூன்றாம் யூனிட்டில் புள்ளியியல் முறைகள் இருக்கின்றன. ஹார்டி–வெய்ன்பெர்க் கணக்கு பரிணாமப் பகுதியில் தனியாக வரும். உதவும்.

நான் விலங்கியல்காரர். எனக்கே புள்ளியியல் தடுமாற்றம்தான். ஜூனுக்குள் என்ன செய்வது?

ஆர் நிறுவினால் ஐரிஸ் என்ற தரவுத் தொகுப்பு அதோடு கூடவே வரும். மூன்று இனம், இனத்துக்கு 50, மொத்தம் 150 பூக்களின் இதழ் அளவுகள். அளந்து சேர்த்தவர் எட்கர் ஆண்டர்சன் என்ற தாவரவியலாளர், 1936-இல் அதைக் கணக்கில் எடுத்தாண்டவர் ஃபிஷர். உயிரியல்காரர் தரவும் புள்ளியியல்காரர் கணக்கும் சேர்ந்தது என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம். முதலில் எந்தச் சோதனையும் செய்யாமல் படம் மட்டும் வரைந்து பாருங்கள். எந்த இனம் தனியே நிற்கிறது, எந்த இரண்டு கலந்து கிடக்கின்றன என்று தெரியும்வரை.

அடுத்து உங்கள் சொந்த ஆய்வேட்டை அலமாரியிலிருந்து எடுங்கள். மாதிரி அளவு என்று எழுதியுள்ள ஒவ்வொரு இடத்திலும் நீங்கள் எண்ணியது விலங்கையா, தொட்டியையா, ரீடிங்கையா என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே வாருங்கள். வகுப்புக்கு வேண்டிய எடுத்துக்காட்டுகள் அதிலேயே தேறிவிடும்.